எல்லோரும் கொண்டாடும் கேம் எனக்குப் பிடிக்கவில்லை: என் ரசனையில் கோளாறா?

கேள்வி: எனக்கு வயது 33. வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் கேம் விளையாடக் கிடைத்தாலே பெரிய விஷயம். அதில் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'க்கு மொத்தம் பதினைந்து மணி நேரம் கொடுத்தேன். கொட்டாவிதான் வந்தது, மூடிவைத்துவிட்டேன். இதைச் சொன்னதிலிருந்து நண்பர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த கேம் 'ரெசிடென்ட் ஈவில் 6'. மூன்று முறை முடித்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே மட்டமானது அதுதான் என்று ஊரே சொல்வதால் வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. போன மாதம் என் தங்கைக்கு (வயது 19) நான் பள்ளி நாட்களில் உயிராக விளையாடிய 'வைஸ் சிட்டி'யைப் போட்டுக் கொடுத்தேன். பொம்மை ஹெலிகாப்டர் மிஷனில் ஐந்து முறை தோற்றுவிட்டு, "இதையா அண்ணா இத்தனை வருஷமா பெருமையா சொல்லிட்டிருந்தீங்க?" என்று லேப்டாப்பை மூடிவிட்டாள். இப்போது எங்கள் நண்பர்கள் குழுவில் ஆளுக்கொரு பட்டியல் எழுத வேண்டும்: தகுதிக்கு மீறிக் கொண்டாடப்பட்ட ஐந்து, அநியாயமாகத் திட்டு வாங்கிய ஐந்து. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. என் ரசனையில்தான் கோளாறா? ஒரு கேமை 'மோசம்' என்று சொல்ல எத்தனை மணி நேரம் விளையாடியிருக்க வேண்டும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: கோளாறு எதுவும் இல்லை. பட்டியல் எழுதக் கை வராததற்குக் காரணம் வேறு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கேம் வடிவமைப்பில் எனக்குப் பதினாறு வருஷம் ஆகிறது. அதில் முதல் நான்கு வருஷம் டெஸ்டர். டெஸ்டர் என்றால் நாள் முழுக்க ஜாலியாக விளையாடிச் சம்பளம் வாங்குபவர் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே சுவரில் இருநூறு தடவை முட்டி, கதாபாத்திரம் எங்காவது சுவருக்குள் சொருகிக்கொள்கிறதா என்று பார்த்து எழுதிவைப்பதுதான் அந்த வேலை. அப்புறம், வெளியாட்களை உட்காரவைத்து விளையாடச் சொல்லி, பின்னால் நின்று வாயைத் திறக்காமல் பார்ப்பது. அங்கே நான் கற்ற உருப்படியான விஷயம் ஒன்றுதான். ஒருவர் 'பிடிக்கவில்லை' என்று சொன்னால் அப்படியே நம்பலாம். 'ஏன் பிடிக்கவில்லை' என்று அவர் சொல்லும் காரணத்தை மட்டும் உடனே நம்பிவிடக் கூடாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். மேடைக்கு மேடை தாவிப் போகும் கேம் ஒன்று செய்துகொண்டிருந்தோம். டெஸ்டுக்கு வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் "ஜம்ப் கனமா இருக்கு" என்றார்கள். புரோகிராமர் தாவும் உயரத்தைக் கூட்டினார், புவியீர்ப்பைக் குறைத்தார். ஒரு வாரம் போனது. அடுத்த முறை வந்தவர்களும் "கனமா இருக்கு" என்றார்கள். கடைசியில் நான் ஒருவருடைய கைகளை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தாவலின்போதும் அவர் புருவம் லேசாகச் சுருங்கியது. விஷயம் இதுதான்: ஆள் மேலே போன பிறகுதான் கேமரா மெதுவாகப் பின்தொடர்ந்தது. இறங்கப்போகும் மேடை அரை நொடி திரையிலேயே இல்லை. எங்கே இறங்குவோம் என்று தெரியாத தயக்கத்தைத்தான் அவர்கள் 'கனம்' என்று சொல்லியிருக்கிறார்கள். ஜம்பைப் பழைய அளவுக்கே திருப்பிவைத்து, கேமராவை மட்டும் மாற்றினோம். அடுத்த வாரம் வந்தவர்கள் "ஜம்ப் சூப்பர்" என்றார்கள். புரோகிராமர் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

உலகம் முழுக்கத் திட்டிய இடங்களிலும் இதே கதை உண்டு. 1998இல் வந்த 'ஒக்கரீனா ஆஃப் டைம்' விளையாடியவர்களிடம் நீர்க் கோயில் என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுளிப்பார்கள். குழப்பமான புதிர், மோசமான லெவல் என்பார்கள். நீர்மட்டத்தை மூன்று நிலைகளில் ஏற்றி இறக்கி வழி கண்டுபிடிக்க வேண்டிய இடம் அது. தண்ணீரில் மூழ்க இரும்பு பூட்ஸ் மாட்ட வேண்டும், மிதக்கக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் கேமை நிறுத்தி, மெனுவுக்குள் போய், பக்கம் புரட்டி, பூட்ஸைத் தேர்ந்தெடுத்து, வெளியே வர வேண்டும். இதைப் பத்து நிமிஷத்துக்குள் எத்தனையோ தடவை செய்தவனுக்கு எந்தப் புதிரும் எரிச்சலாகத்தான் இருக்கும். 2011இல் நின்டென்டோ 3டிஎஸ்ஸுக்குக் கொண்டுவந்தபோது பூட்ஸை ஒரே பட்டனில் மாட்டிக் கழற்ற வழி செய்தார்கள். நீர்மட்டம் மாற்றும் இடங்களுக்கு வழிகாட்ட வண்ணக் கோடுகளும் போட்டார்கள். அதில் விளையாடியபோது எனக்கு அந்தக் கோயில் கச்சிதமான புதிர்ப் பெட்டியாகத் தெரிந்தது. பல வருஷம் நானும் குற்றத்தைத் தப்பான இடத்தில்தான் தேடியிருக்கிறேன்.

சரி, உங்கள் ரெட் டெட்டுக்கு வருவோம்.

2018 அக்டோபரில் வந்தது. விமர்சனங்களைத் திரட்டிச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக்கில் நூற்றுக்கு 97. அந்த உலகத்தின் தரத்தை நானும் மறுக்க மாட்டேன். பனியில் நடந்தால் தடம் விழும். குதிரையைத் தடவிக் கொடுத்துப் பழகப் பழக அது உங்களை நம்பத் தொடங்கும். முகாமில் கூட இருப்பவர்கள் நீங்கள் நேற்று செய்ததைப் பற்றி இன்று பேசுவார்கள். ஆனால் அந்த கேம் உங்களிடம் கேட்பது நேரத்தை. மேஜை இழுப்பறையைத் திறந்தால், கதாநாயகன் ஆர்தர் கை நீட்டி உள்ளே இருக்கும் டப்பாவை எடுத்துப் பார்த்துப் பையில் போடும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். மானைச் சுட்டால் தோலுரிப்பதை முழுக்கப் பார்க்க வேண்டும். முகாமுக்குள் ஓட விடாது, நடக்கத்தான் வேண்டும். இதெல்லாம் கவனக்குறைவால் வந்ததில்லை. இந்த வேகத்தில்தான் நீ இங்கே வாழ வேண்டும் என்று தெரிந்தே எடுத்த முடிவு. வாரத்துக்கு ஆறு மணி நேரம் வைத்திருப்பவருக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கக் குதிரைச் சவாரியிலேயே கழிந்துவிடும். நீண்ட விடுமுறையில் உட்கார்ந்து முடித்த நண்பருக்கு அது சொர்க்கம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இது ஒரு பாதி. இன்னொரு பாதி உண்மையிலேயே அந்த கேமின் குறை. மிஷனுக்கு வெளியே எங்கு வேண்டுமானாலும் போகலாம், எதையும் செய்து பார்க்கலாம். மிஷன் தொடங்கிவிட்டால் வரைபடத்தில் காட்டும் மஞ்சள் கோட்டின் வழியேதான் போக வேண்டும். எதிரியைப் பின்பக்கமாகச் சுற்றி வந்து மடக்கலாம் என்று கொஞ்சம் விலகினால் 'தோல்வி' என்று சொல்லித் திரும்ப அனுப்பிவிடும். 2018ஆம் வருஷத்து உலகத்துக்குள் 2001இல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3' வார்த்த அச்சில் செய்த மிஷன்கள். பட்டன் விஷயமும் உண்டு. குதிரையில் ஏறும் பட்டனை, பக்கத்தில் ஒரு வழிப்போக்கர் நிற்கும்போது அழுத்தினால், ஆர்தர் குதிரையை விட்டுவிட்டு அந்த மனிதர் மேல் பாய்வார். அப்புறம் ஊர்க்காவலர் துரத்த, அரை மணி நேரம் காலி. இது எனக்கு நான்கு முறை நடந்திருக்கிறது. நான்காவது முறை சிரிப்பு வரவில்லை.

ஆகவே உங்களையே கேளுங்கள்: கொட்டாவி வந்தது சவாரியின்போதா, மிஷனுக்குள்ளா? சவாரியில் என்றால் அந்த கேம் உங்களுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். மிஷனுக்குள் என்றால் நீங்கள் பிடித்திருப்பது நிஜமான குறை. நண்பர்கள் முறைத்தால் முறைக்கட்டும்.

எத்தனை மணி நேரம் விளையாட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு கணக்கே கிடையாது. 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லப் பதினைந்து நிமிஷம் போதும், அதற்கு யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை. 'இது மோசம்' என்று சொல்வதற்கு மட்டும் அந்த கேம் என்ன செய்யப் பார்த்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சில கேமில் அது ஒரு மணி நேரத்தில் தெரியும், சிலதில் பத்து மணி நேரம் ஆகும். "இருபது மணி நேரம் தாண்டினா அப்புறம் செமயா இருக்கும்" என்று நண்பர் சொன்னால் நம்பாதீர்கள். 'ஃபைனல் ஃபேன்டஸி 13'க்கு அதன் ரசிகர்கள் அப்படித்தான் பரிந்து பேசுவார்கள். பதினோராவது அத்தியாயத்தில் பெரிய வெட்டவெளி வரும், அதற்கு முன்னால் எல்லாமே ஏறத்தாழ நேர்கோட்டு நடைபாதை. அந்த வெட்டவெளி நன்றாகத்தான் இருக்கிறது. அதுவரை காக்கவைத்தது வடிவமைத்தவர்களின் தப்பு, பொறுமை இழந்தவர் மேல் அந்தப் பழியைப் போட முடியாது.

இப்போது 'ரெசிடென்ட் ஈவில் 6'. இதைப் பற்றிப் பேச எனக்கே ஆசை, ஏனென்றால் இந்தக் கட்சியில் நானும் ஒரு உறுப்பினர்.

2012இல் வந்தபோது அதற்கு விழுந்த அடி பாதிக்கு மேல் நியாயமானது. கட்சீன் (இடையில் ஓடும் படக்காட்சி) நடுவே திடீரென்று பட்டனை அழுத்து, ஸ்டிக்கைச் சுற்று என்று உயிரை எடுக்கும். துரத்தல் காட்சிகளில் கேமரா உங்கள் கையிலிருந்து பிடுங்கப்படும். நான்கு தனித்தனிக் கதைகளையும் சேர்த்தால் மிக நீளம். பயமுறுத்துவதற்கே பெயர்போன வரிசையில், பயம் என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

ஆனால் அதற்குள் ஒரு சண்டை முறை ஒளிந்திருக்கிறது. குறி வைக்கும் பட்டனையும் சுடும் பட்டனையும் ஒன்றாக அழுத்தினால், குறி பார்க்காமலே பக்கத்தில் இருப்பவனைச் சட்டென்று சுடலாம். அவன் தடுமாறும் நொடியில் ஓடிப்போய் ஓர் அடி. ஓடிக்கொண்டே சறுக்கலாம். பின்பக்கமாக விழுந்து, மல்லாந்து கிடந்தபடியே வருபவர்களைச் சுடலாம், அப்படியே உருண்டு எழுந்திருக்கலாம். எதிரி கை ஓங்கும் கணத்தில் சரியாக அழுத்தினால் அவன் ஆயுதத்தையே அவன் மேல் திருப்பலாம். சட்டென்று சுடவும் அடிக்கவும் ஸ்டாமினா (தெம்பு) பட்டையில் கட்டம் கட்டமாகச் செலவாகும், அதனால் கண்மூடித்தனமாக அடிக்கவும் முடியாது. இதில் எத்தனையை அந்த கேம் சொல்லிக் கொடுத்தது? சொற்பம். சறுக்கத் தெரியாமல், சட்டென்று சுடத் தெரியாமல், நான்காவது பாகத்தை விளையாடிய பழக்கத்தில் நின்று நிதானமாகக் குறிபார்த்து முடித்தவர்கள் ஏராளம். அவர்கள் விளையாடியது நிஜமாகவே சுமாரான கேம்தான். நீங்கள் விளையாடியது வேறு. மூன்று முறை முடித்தவர் அதன் மெர்சினரீஸ் பகுதியைத் தொட்டிருக்காவிட்டால் இன்றே தொடுங்கள். கதை கிடையாது, கட்சீன் கிடையாது, கடிகாரமும் சண்டையும் மட்டும். உங்களுக்கு ஏன் பிடித்தது என்று அங்கே பளிச்சென்று தெரியும்.

இதை நான் இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். 2006இல் பிளேஸ்டேஷன் 2க்கு 'காட் ஹேண்ட்' என்று ஒன்று வந்தது. ரெசிடென்ட் ஈவிலை உருவாக்கிய ஷின்ஜி மிகாமி இயக்கியது. அரை மணி நேரம் ஆடினேன். கேமரா முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, திருப்ப முடியவில்லை, ஆள் லாரி மாதிரி திரும்பினான். குப்பை என்று தூக்கிப்போட்டேன். அமெரிக்காவின் பெரிய விமர்சனத் தளமான ஐஜிஎன் அதற்குப் பத்துக்கு 3 கொடுத்திருந்தது, எனக்கு நிம்மதியாக இருந்தது. பல வருஷம் கழித்துக் கூட வேலை செய்த ஒருவர் வற்புறுத்தி விளையாட வைத்தார். கேமராவைத் திருப்ப வேண்டிய வலது ஸ்டிக்கை ஏன் பறித்துக்கொண்டார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த ஸ்டிக் முழுக்கத் தப்பிப்பதற்கு. பக்கவாட்டில் தள்ளினால் விலகுவான், கீழே இழுத்தால் பின்னால் பல்டி, மேலே தள்ளினால் குத்துச்சண்டைக்காரன் மாதிரி தலையைச் சாய்த்து அடியைத் தவிர்ப்பான். நன்றாக ஆட ஆட, திரையின் மூலையில் ஒரு எண் ஏறும், எதிரிகள் மூர்க்கமாவார்கள். கேமராவைப் பிடுங்கிக்கொண்டதற்கு ஈடாக ஒரு முழு மொழியையே கொடுத்திருக்கிறார்கள். நான் அந்த மொழியைக் கற்காமல் உச்சரிப்பு சரியில்லை என்று குறை சொல்லியிருக்கிறேன். இப்போதும் அது எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். 3 என்பது மட்டும் அநியாயம்.

மதிப்பெண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் 10 கொடுத்து இன்னொருவர் 4 கொடுத்தால் சராசரி 7. இரண்டு பேரும் தோளைக் குலுக்கிக்கொண்டு 7 கொடுத்தாலும் சராசரி 7. முதலாவது காட் ஹேண்ட் மாதிரி, சிலருக்கு உயிர், சிலருக்கு விஷம். இரண்டாவது யாருக்கும் நினைவில் நிற்காதது. எண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒன்று. இந்த எண்ணை வைத்து வயிற்றில் அடிப்பதும் நடந்திருக்கிறது. 2010இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' மெட்டாகிரிட்டிக்கில் 85 தொட்டிருந்தால் அதைச் செய்த அப்சிடியனுக்கு ஊக்கத்தொகை கிடைத்திருக்கும். கிடைத்தது 84. சுமார் பதினெட்டே மாதத்தில், ஏகப்பட்ட பிழைகளோடு வெளியான கேம் அது. இன்று அந்த வரிசையிலேயே சிறந்தது அதுதான் என்று சொல்ல ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது.

உண்மையான சுமார் கேம் எது என்று கேட்டால், திட்டக்கூட விஷயம் கிடைக்காததுதான். 2007இல் முதல் 'அசாசின்ஸ் கிரீட்' வந்தபோது கோபுரத்தில் ஏறிப் பார்த்தால் ஊர் வரைபடம் திறக்கும். ஏறுவதுதான் அந்த கேமின் உயிர், அதனால் அதற்கு அர்த்தம் இருந்தது. அப்புறம் வந்தவர்கள் கோபுரத்தை எடுத்துக்கொண்டார்கள், காரணத்தை விட்டுவிட்டார்கள். ஏறு, வரைபடத்தில் நூறு புள்ளிகள் முளைக்கும், ஒவ்வொன்றாக அழி. எதுவும் கெட்டுப்போயிருக்காது, கிராபிக்ஸ் அழகாகவே இருக்கும், முடித்து ஒரு மாதம் கழித்து ஒரு காட்சிகூட ஞாபகம் வராது. 2017இல் 'பிரெத் ஆஃப் த வைல்ட்' அதே கோபுரத்தை வைத்து வேறு வேலை செய்தது. ஏறினால் நிலத்தின் அமைப்பு மட்டும் தெரியும், எங்கே என்ன இருக்கிறது என்று நீங்களே கண்ணால் தேடிக் குறி வைத்துக்கொள்ள வேண்டும். பொருள் ஒன்றுதான், உங்களுக்குக் கிடைக்கும் வேலைதான் மாறியது.

சுமார் கேம் பிடிப்பதும் குற்றமில்லை. 'எர்த் டிஃபென்ஸ் ஃபோர்ஸ்' வரிசையைப் பாருங்கள். கட்டிடங்கள் அட்டைப்பெட்டி மாதிரி இருக்கும், வசனம் சிரிப்பூட்டும், எறும்புகள் கூட்டமாக வந்தால் படம் திக்கித் திக்கி ஓடும். ஆனால் அந்த எறும்பு ஒவ்வொன்றும் பஸ் அளவு, ஒரு ராக்கெட் தவறினால் முழுக் கட்டிடமும் சரியும். வேலை முடிந்து மூளை ஓடாத இரவுகளில் எனக்கு அதுதான். எந்தத் தரப்பட்டியலிலும் மேலே வைக்க மாட்டேன், கணினியிலிருந்து நீக்கவும் மாட்டேன்.

கொண்டாட்டத்துக்கும் வசவுக்கும் இன்னொரு காரணம் உண்டு. பல சமயம் மக்கள் தீர்ப்பு சொல்வது கேமைப் பற்றியே இல்லை, அதற்கு முன் கிடைத்த வாக்குறுதியைப் பற்றி. 2000இல் நின்டென்டோ தன் புதிய கன்சோலின் திறனைக் காட்ட ஒரு செல்டா ('ஒக்கரீனா' வந்த அதே வரிசை) காட்சியைப் போட்டது. நிஜ மனிதர்கள் மாதிரி இரண்டு பேர் வாள் சண்டை. அடுத்த வருஷம், பிற்பாடு 'விண்ட் வேக்கர்' என்று வெளியான கேமுக்காகக் காட்டியது கார்ட்டூன் மாதிரி பெரிய கண்ணோடு ஒரு சின்னப் பையன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். யாரும் அதை இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இன்று அதே காலத்து 'நிஜமான' கேம்கள் மண்பொம்மை மாதிரி தெரிகின்றன, அந்தச் சின்னப் பையன் அப்படியே இருக்கிறான். வேடிக்கை என்னவென்றால், அதில் திட்ட வேண்டிய இடம் உண்மையிலேயே இருந்தது. கடைசிப் பகுதியில் கடலடியில் கிடக்கும் எட்டுத் துண்டுகளைத் தேடி அலைய வேண்டும், ஒவ்வொரு வரைபடத்தையும் படித்துச் சொல்ல ஒருவனுக்கு 398 ரூபி (அந்த உலகத்துக் காசு) அழ வேண்டும். 2013இல் மறுபதிப்பு வந்தபோது அந்த அலைச்சலைப் பாதிக்கும் மேல் வெட்டினார்கள். கண்ணைத் திட்டியவர்களின் சத்தத்தில் அலைச்சலைப் பற்றிய நியாயமான புகார் எடுபடவே இல்லை.

'நோ மேன்ஸ் ஸ்கை' 2016இல் வாங்கிய அடி பெரும்பாலும் நியாயமானது, சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று. ஆனால் 2018இல் வந்த பெரிய அப்டேட்டுக்கும் அதற்கடுத்து வருஷக்கணக்காக இலவசமாக வந்தவற்றுக்கும் பிறகு, அதே பெயரில் இருப்பது வேறு கேம். 'சைபர்பங்க் 2077'ஐ 2020 டிசம்பரில் பழைய கன்சோலில் விளையாடியவரும் 2023இன் 2.0 பேட்சுக்குப் பிறகு நல்ல கணினியில் விளையாடியவரும் சண்டை போட்டால், இரண்டு பேரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை என்று அர்த்தம். உங்கள் குழுவில் பாதிச் சண்டை இந்த ரகமாகத்தான் இருக்கும். விளையாடாமலே திட்டுவதும் உண்டு. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' வெளியான நாளிலேயே, யாரும் முடித்திருக்க வாய்ப்பில்லாத நேரத்தில், பூஜ்யங்கள் கொட்டின. அதற்கப்புறம் மெட்டாகிரிட்டிக் ஒரு கேம் வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் பயனர் மதிப்பெண்ணை ஏற்கத் தொடங்கியது.

இனி உங்கள் பட்டியல். கை வராததற்குக் காரணம், முழு கேமுக்கும் ஒரே தீர்ப்பு எழுதப் பார்க்கிறீர்கள். பத்து நிமிஷத்தைப் பற்றி எழுதுங்கள். ரெட் டெட் என்றால் பின்பக்கமாகச் சுற்றிப் போய்த் தோற்ற அந்த ஒரு மிஷன். ரெசிடென்ட் ஈவில் என்றால் மல்லாந்து கிடந்து மூன்று பேரைச் சுட்டு எழுந்த அந்த ஒரு சந்து. எந்த வருஷம், எந்தக் கருவியில், யாரோடு விளையாடினீர்கள் என்று ஒரு வரி. பிடிக்காததில் ஒரு நல்லதும் பிடித்ததில் ஒரு கெட்டதும் உங்களால் சொல்ல முடியவில்லை என்றால் அதைப் பட்டியலில் சேர்க்காதீர்கள், அது பற்றி நீங்கள் இன்னும் யோசிக்கவில்லை. ஐந்து என்ற எண்ணிக்கையையும் விடுங்கள். இரண்டு வந்தால் இரண்டு.

உங்கள் குழுவில் யாராவது ஒருவர் 'உலகத்திலேயே மோசமான கேம்' என்று ஈ.டி.யை இழுப்பார், பார்த்துக்கொண்டே இருங்கள். 1982இல் அட்டாரி நிறுவனத்துக்காக ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவர் ஐந்தே வாரத்தில் செய்தது. விற்காத கேட்ரிட்ஜ்களை அடுத்த வருஷம் நியூ மெக்ஸிகோவில் குழி தோண்டிப் புதைத்தார்கள், 2014இல் தோண்டியும் எடுத்தார்கள். அதில் எல்லோரும் வெறுப்பது பள்ளத்தில் விழுந்துகொண்டே இருப்பதை. கால் தரையில்தான் இருக்கும், தலை மட்டும் படத்தில் பள்ளத்தின் மேல் பட்டாலும் விழுந்ததாகக் கணக்கு. 2018இல் வந்த 'செலஸ்ட்'டில் இதற்கு நேர்மாறாக, விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் ஒரு கணம் பொறுத்து, அப்போது அழுத்தினாலும் தாவ விடுவார்கள். கஷ்டமான கேம் என்று பெயர் வாங்கியும் யாரும் அதை அநியாயம் என்று சொல்லாததற்கு அந்தக் கணமும் ஒரு காரணம். ஈ.டி. நல்ல கேம் என்று நான் வாதாட வரவில்லை. ஐந்து வாரத்தில் இன்னும் துணிச்சல் குறைவான, ஒருவருக்கும் நினைவிருக்காத ஒன்றைச் செய்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

கடைசியாகத் தங்கை. அவள் மேல் வருத்தப்படாதீர்கள். நீங்கள் 'வைஸ் சிட்டி' விளையாடியபோது உங்களிடம் வேறு கேம் எத்தனை இருந்திருக்கும்? மிஷன் தோற்றால் நடுவில் செக்பாயின்ட் கிடையாது, மறுபடி முதலிலிருந்து. திரும்ப அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப் போவது உங்களுக்குத் தண்டனையாகவே தெரிந்திருக்காது. ரேடியோவில் எண்பதுகளின் பாட்டு, கடற்கரை ஓரச் சாலை, மறுநாள் பள்ளி இல்லை. அவளுக்கு அது வெறும் மறுமுயற்சி. நீங்கள் அவளுக்குக் கொடுக்க நினைத்தது அந்தச் சாயங்காலத்தை. லேப்டாப்பில் வந்தது கேம் மட்டும்தான். அவளுக்கு உயிரான கேம் ஒன்று இருக்கும். அதை அவள் சொல்லித்தர நீங்கள் ஒருநாள் உட்கார்ந்து விளையாடுங்கள், பாதியில் எழுந்திருக்காமல்.

கட்டிடத்துக்குள் குண்டு கொண்டுபோய் வைக்கும் அந்த ஹெலிகாப்டர் மிஷன் மேல் உலகமே காட்டும் வெறுப்பு, என் கணக்கில், பெரிதும் கணினியில் விளையாடியவர்களுடையது. கன்ட்ரோலர் ஸ்டிக்கில் அந்தப் பொம்மையைச் சாய்ப்பது சுலபம். கணினியில் அதற்கு நம்பர் பேட் பட்டன்களை வைத்திருந்தார்கள், பல லேப்டாப்பில் நம்பர் பேடே கிடையாது. செட்டிங்ஸில் போய் அந்தப் பட்டன்களை வேறு இடத்துக்கு மாற்றிக் கொடுங்கள். இன்னொன்று, நீங்களும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். முதல் குண்டைத் தூக்கும் வரை கடிகாரம் ஓடத் தொடங்காது. வெறும் ஹெலிகாப்டரோடு கட்டிடத்துக்குள் போய், விசிறியாலேயே காவலாளிகளையும் கட்டிடத் தொழிலாளிகளையும் மாடி மாடியாக விரட்டி முடித்துவிட்டு, ஏறும் வழியையும் பார்த்துவைத்துக்கொண்டு, அப்புறம் வந்து குண்டை எடுக்கச் சொல்லுங்கள்.